பொறியாளர் ஸ்காட்டியின் இறுதிப் பயணம்

2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ரெட்மண்ட் நகரில் 85 வயது முதியவர் ஒருவர் உயிர் நீத்தார். நினைவை அழிக்கும் அல்சைமர் நோயும் நுரையீரல் அழற்சியும் அவரை வாட்டியிருந்தன. அவர் பெயர் ஜேம்ஸ் டூஹன். ஆனால் அவர் மறைவை அறிவித்த செய்திகள் பலவற்றில், அப்பெயரோடு மற்றொரு பெயரும் இணைந்தே நின்றது. ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் ‘எண்டர்பிரைஸ்’ விண்கலத்தின் தலைமைப் பொறியாளராக அவர் ஏற்ற வேடத்தின் பெயரே அது: ஸ்காட்டி.

டூஹன் அத்தொடரின் கதாநாயகர் அல்லர். கலத்தின் தலைவரும், கூர்ங்காது படைத்த அறிவியல் அதிகாரியும், மருத்துவருமே கதையை நடத்திச் சென்றனர். ஸ்காட்டியோ பெரும்பாலும் இயந்திர அறையில் நின்று, கலம் தாங்காது என்று எச்சரித்துவிட்டு, பின்னர் அதைத் தாங்கச் செய்பவர். இத்தகைய துணைப் பாத்திரத்தில் நடித்த ஒருவருக்காக உலகின் பல நாடுகளில் மக்கள் கண்ணீர் வடித்தது ஏன்? விடை காண, அவர் வாழ்வையும் அந்தச் சுவைஞர் கூட்டத்தின் வரலாற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

போர்க்களமும் வானொலி நிலையமும்

டூஹன் 1920ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் கனடாவின் வான்கூவர் நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் கனடியப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஜூனோ என்று பெயரிடப்பட்ட கடற்கரையில் கரையேறிய கனடியருள் டூஹனும் ஒருவர். பகல் முழுவதும் பகைவர் குண்டுகளுக்குத் தப்பிய அவரை, இரவில் பதற்றமுற்ற சொந்தப் படைக் காவலன் ஒருவன் பகைவரென்று பிழையாகக் கருதிச் சுட்டுவிட்டான். ஆறு குண்டுகள் பாய்ந்தன. நான்கு காலைத் துளைத்தன. ஒன்று மார்பை நோக்கி வந்து, சட்டைப் பையிலிருந்த வெள்ளிச் சிகரெட் பெட்டியில் பட்டுத் தடைப்பட்டது. ஒன்று வலக்கையின் நடுவிரலைச் சிதைத்தது. அவ்விரல் துண்டிக்கப்பட்டது.

போர் முடிந்து தாயகம் திரும்பியவர், வானொலியில் ஒரு நாடகத்தைக் கேட்டு, இதனினும் நன்றாகத் தம்மால் நடிக்க முடியும் என்று துணிந்தார். டொராண்டோவில் நாடகம் பயின்றார். நியூயார்க்கின் புகழ்பெற்ற நடிப்புப் பள்ளியொன்றில் பயில உதவித்தொகையும் பெற்றார். பல்லாண்டுகள் வானொலியில் நடித்துப் பலவகை நாட்டாரின் உச்சரிப்பையும் தம் நாவில் பழக்கிக்கொண்டார். அப்பழக்கமே அவருக்கு வாழ்வளித்தது. ஜீன் ராடன்பரி படைத்த விண்வெளித் தொடருக்குப் பொறியாளர் வேடம் தேடப்பட்டபோது, டூஹன் பல உச்சரிப்புகளில் பேசிக் காட்டினார். எது பொருத்தம் என்று கேட்டபோது, கப்பல் பொறியாளர் என்றால் ஸ்காட்லாந்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றார். பாத்திரத்திற்கு மாண்ட்கோமரி ஸ்காட் என்று பெயர் அமைந்தது. மாண்ட்கோமரி என்பது டூஹனின் சொந்த நடுப்பெயரே.

கடிதங்கள் காத்த தொடர்

அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. பார்வையாளர் தொகை போதவில்லை என்னும் காரணத்தால், இரண்டாம் ஆண்டிலேயே தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது சுவைஞர்கள் வாளாவிருக்கவில்லை. நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1968ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் பர்பேங்கிலுள்ள நிறுவன அலுவலகத்திற்கு ஊர்வலமாகச் சென்றனர். அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள், தொடர் நீடிக்கும் என்று நிறுவனம் தொலைக்காட்சியிலேயே அறிவித்தது.

எனினும், அடுத்த பருவத்தில் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி என்னும் பொருந்தா நேரத்திற்குத் தொடர் தள்ளப்பட்டது, செலவும் குறைக்கப்பட்டது. 79 பகுதிகளோடு 1969ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அது முடிவுற்றது. ஏழு வாரங்கள் கூடக் கழியவில்லை. ஜூலை 20ஆம் நாள் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் பதித்தார். கற்பனைக் கலம் ஓய்ந்தபோது உண்மைக் கலம் நிலவைத் தொட்டது. டூஹன் மறைந்ததும் சரியாக முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே நாளில்தான்.

தொடரின் உண்மையான வாழ்வு அதன் முடிவுக்குப் பின்னரே தொடங்கியது. உள்ளூர் நிலையங்கள் பழைய பகுதிகளை மீண்டும் மீண்டும் ஒளிபரப்ப, புதிய தலைமுறை அவற்றை மனப்பாடம் செய்தது. 1972ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கில் சுவைஞர் மாநாடு கூடியது. சில நூறு பேரை எதிர்பார்த்த அமைப்பாளர்கள் முன் சில ஆயிரவர் திரண்டனர். 1976ஆம் ஆண்டு, அமெரிக்காவின் முதல் விண்ணோடத்திற்கு ‘எண்டர்பிரைஸ்’ என்றே பெயர் சூட்டவேண்டும் என்று அதிபருக்கு மடல்கள் எழுதி வெற்றியும் கண்டனர். அவ்வோடத்தின் வெளியீட்டு விழாவில் டூஹனும் சக நடிகர்களோடு கலந்துகொண்டார்.

வேடம் சுமையான காலம்

புகழ் வந்தது, வாய்ப்புகள் வரவில்லை. டூஹனைக் கண்டவர் அனைவரும் ஸ்காட்டியையே கண்டனர். வேறு வேடம் நாடிச் சென்ற இடங்களிலெல்லாம், ஸ்காட்லாந்துக்காரருக்கு இங்கு இடமில்லை என்ற விடையே கிட்டியது. பிறப்பால் கனடியரான அவருக்கு இது எத்துணை வேதனை தந்திருக்கும்! இறந்த பின்னரும் நீர் ஸ்காட்டியாகவே இருக்கப்போகிறீர். ஆகவே அதை ஏற்றுக்கொள்ளும் என்று அவருடைய பல் மருத்துவர் அறிவுரை கூறினாராம். டூஹன் ஏற்றுக்கொண்டார். அன்று முதல் மாநாடு தோறும் சென்றார், கை குலுக்கினார், மடல்களுக்கு மறுமொழி தந்தார். 1979இல் வெளிவந்த முதல் திரைப்படத்தில் அயற்கோளினர் பேசும் கிளிங்கன் மொழியின் முதற் சொற்களை ஒலித்துக் காட்டியவரும் அவரே. பின்னாளில் மொழியியலறிஞர் ஒருவர் அச்சொற்களை அடிப்படையாகக் கொண்டே முழு இலக்கணம் வகுத்தார்.

சுவைஞர்களுக்கும் அவருக்கும் இடையே நிலவிய உறவின் ஆழத்தை, அவர் தாமே கூறிய ஒரு நிகழ்ச்சி விளக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக ஓர் இளம்பெண் அவருக்கு மடல் எழுதினாள். டூஹன் உடனே தொலைபேசியில் அழைத்து, தாம் கலந்துகொள்ளவிருக்கும் மாநாட்டிற்கு வருமாறு கேட்டுக்கொண்டார். அவள் வந்தாள். அடுத்த மாநாட்டிற்கும், அதற்கு அடுத்ததற்கும் அழைத்தார். சில ஆண்டுகள் இவ்வாறு தொடர்ந்தபின் அவளிடமிருந்து செய்தி நின்றுபோயிற்று. நெடுநாள் கழித்து ஒரு மடல் வந்தது: மின்னணுப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றுவிட்டதாக அவள் எழுதியிருந்தாள். தம் வாழ்வில் தாம் செய்தவற்றுள் தலைசிறந்தது இதுவே என்று டூஹன் நெகிழ்ந்து கூறினார்.

அவள் ஒருத்தி மட்டுமல்லள். ஸ்காட்டியைக் கண்டே பொறியியலை நாடியதாகக் கூறியவர் பலர். மில்வாக்கிப் பொறியியல் கல்லூரி டூஹனுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பொறியியல் பயிலாத நடிகரைப் பொறியாளர்கள் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டனர்.

விடைபெறும் விழா

2004ஆம் ஆண்டு கோடையில், டூஹன் அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்டிருப்பதைக் குடும்பத்தார் அறிவித்தனர். ஆகஸ்டுத் திங்களில் ஹாலிவுட்டில் அவருக்காகப் பிரிவுபசார விழா எடுக்கப்பட்டது. பொது மேடைகளை விரும்பாத நீல் ஆம்ஸ்ட்ராங் அவ்விழாவுக்கு வந்தார். தாம் ஒரு விண்கலத்திற்குத் தலைமை தாங்க நேர்ந்தால் ஸ்காட்டி போன்ற பொறியாளரையே உடன் கொள்ள விரும்புவதாகப் பாராட்டினார். ஆகஸ்டு 31ஆம் நாள் ஹாலிவுட் நடைபாதையில் டூஹனின் பெயர் பொறித்த விண்மீன் பதிக்கப்பட்டது. நினைவுகள் ஒவ்வொன்றாய் நழுவிக்கொண்டிருந்த முதியவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைக் கண்டார்.

தம் அஸ்தி விண்ணுக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், நியூ மெக்சிகோவிலிருந்து ஏவப்பட்ட சிறு ராக்கெட்டில், விண்வெளி வீரர் கார்டன் கூப்பரின் அஸ்தியோடு அவருடையதும் சென்றது. சில நிமிடங்கள் விண்ணைத் தொட்டுத் திரும்பிய அப்பேழை, மலைப்பகுதியில் விழுந்து, மூன்று வாரத் தேடலுக்குப் பின்னரே கிடைத்தது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் பசிபிக் தீவொன்றிலிருந்து புறப்பட்ட ஃபால்கன் 1 ராக்கெட், பகுதிகள் ஒன்றோடொன்று மோதியதால் கடலில் வீழ்ந்தது. 2012ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஃபால்கன் 9 ராக்கெட்டே அவர் அஸ்தியைப் புவியின் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அடுத்த மாதமே அது வளிமண்டலத்தில் எரிந்து கலந்தது.

ஆயின், உலகம் அறியாத மற்றொரு பயணமும் இருந்தது. கடலில் வீழ்ந்த ராக்கெட்டை எண்ணிக் குடும்பம் வருந்திக்கொண்டிருந்த அதே 2008ஆம் ஆண்டு அக்டோபரில், தம் செலவில் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குச் சென்ற ரிச்சர்ட் காரியட், டூஹன் மகனின் வேண்டுகோளை ஏற்றுச் சிறிதளவு அஸ்தியை எவருமறியாது எடுத்துச் சென்று, நிலையத் தளத்தின் அடியில் மறைத்து வைத்தார். அனுமதியின்றிச் செய்த செயலாதலால் பன்னிரண்டு ஆண்டுகள் இருவரும் வாய் திறக்கவில்லை. 2020ஆம் ஆண்டு இறுதியில்தான் உண்மை வெளிவந்தது.

எதற்காக அழுதார்கள்?

நடிகனுக்காக அழுவது பேதைமை என்போர் உண்டு. அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. ஸ்காட்லாந்தின் லின்லித்கோ நகரம், 2222ஆம் ஆண்டில் ஸ்காட்டி பிறக்கவிருக்கும் ஊர் எனத் தனக்கு நினைவுப் பலகை அமைத்துக்கொண்டபோது சிரித்தவர்களும் உண்டு. ஜூனோக் கடற்கரையில் உண்மைக் குருதி சிந்திய வீரரை எத்தனை பேர் அறிவர்? இழந்த விரலைக் கூடத் திரையில் பெரும்பாலும் மறைத்தே நடித்தார் அவர். உண்மைத் தியாகத்திற்குக் கிட்டாத கண்ணீர், பொய் வேடத்திற்குக் கிட்டியது முறையா?

முறையே எனலாம். மக்கள் அழுதது வேடத்திற்காக மட்டுமன்று. கலத்தின் அடித்தளத்தில், புகழ்மொழி எட்டாத இயந்திர அறையில், தன் கடமையைச் செம்மையாகச் செய்யும் மனிதனை அவர்கள் ஸ்காட்டியிடம் கண்டார்கள். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு தொழிற்சாலையிலும், ஒவ்வொரு கப்பலிலும், ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவருக்கு மாலையிடுவார் அரியர். அந்த வேடத்தை ஏற்றவரும், தம்மைத் தேடி வந்த அறியாத பெண்ணின் மடலைப் புறக்கணியாத மனிதராக வாழ்ந்தார். திரையில் கலத்தைக் காத்தவர், திரைக்கு வெளியே ஓர் உயிரைக் காத்தார். அந்த உயிர் பின்னர் பொறியாளராயிற்று. ஸ்காட்டிக்காக வடித்த கண்ணீர் வீண் என்று, அப்பெண்ணின் வாழ்வை அறிந்தபின் யாரால் சொல்ல முடியும்?