கடிகை

திருப்பதியின் தெலுங்குக் ‘கடியாரம்’, சித்தூர்த் தமிழரின் ‘கடிகாரம்’ இரண்டுக்கும் மூலம் ஒன்றே: சிறு குடத்தைக் குறிக்கும் வடமொழிக் ‘கடிகா’. அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிடுவார்கள். அது நிரம்பி மூழ்கினால் ஒரு கடிகை, அதாவது 24 நிமிடம். தமிழில் நாழிகை, கிண்ணத்துக்கு நாழிகை வட்டில் என்று பெயர். பக்கத்துச் சோளிங்கரின் பழம்பெயரே திருக்கடிகை. அங்கே ஒரு கடிகை தங்கினாலே முக்தி என்பது ஐதீகம்.

2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யில் சில்லு வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்குக் ‘கிளாக்’ என்னும் கடிகாரம் மணி காட்டாது. அது வெறும் துடிப்பு. (ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் அடிக்கும் மணி. துடிப்புக்குக் குடத்தைவிட மணியே பொருத்தம்.) நினைவகச் சில்லிலிருந்து வரும் தரவு அத்துடிப்போடு ஒட்டி வரவேண்டும். தாமதத்தைச் சரிசெய்து இரண்டையும் பூட்டும் சுற்று டி.எல்.எல். விழித்திருக்கும் வரை அது மின்சாரம் தின்னும். சில்லு உறங்கும்போது அணைத்துவிடுவார்கள். எழுந்ததும் மீண்டும் பூட்ட டி.டி.ஆர்.3 நினைவகத்துக்கு 512 துடிப்புகள் வேண்டும். 800 மெகாஹெர்ட்ஸில் அது 0.64 மைக்ரோநொடி, ஒரு கடிகைக்குள் 225 கோடி முறை பூட்டலாம்.