வட்ட மேசையும் மாணாக்கர் விண்ணப்பமும்

சர்வகலாசாலையில் ஒரு கூடத்தைக் கட்டடக் கலைஞர் வரைவார், நிருவாகிகள் ஒப்புவர், ஆசிரியரும் மாணாக்கரும் பின்னர்க் குடிபுகுவர். இதுவே நெடுங்கால வழக்கு. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக் கழகம் இவ்வழக்கை மாற்ற முனைந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாந்தர் குழுவினர் அதற்கென வகுத்த திட்டம் 1975-ல் நூலாக வெளிவந்தது. பயன்படுத்துவோரே திட்டமிட வேண்டும் என்பது அதன் ஆணிவேர். கணிப்பொறி வகுப்பறையுள் புகுந்தபின் இக்கொள்கை கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று.

1990-களில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக் கழகப் பௌதிகப் பேராசிரியர் இராபர்ட் பைக்னர், வரிசை நாற்காலிகளை அகற்றி 7 அடி விட்டமுள்ள வட்ட மேசைகளை இட்டார். மேசைக்கு ஒன்பது மாணாக்கர், மும்மூவராக மூன்று குழுக்கள், குழுவுக்கொரு கணிப்பொறி. மேசையின் அளவில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சிறிதானால் ஏடும் கருவியும் வைக்க இடமிராது. பெரிதானால் எதிரே இருப்பவர் பேச்சுக் கேளாது. பல அளவுகளை வகுப்பிலேயே இட்டுப் பார்த்த பின்னரே 7 அடி நிலைத்தது.

இம்முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஏற்ப அமைத்தவர் பேராசிரியர் ஜான் பெல்ச்சர். 13 மேசைகள், 117 இருக்கைகள், சுவரெங்கும் வெண்பலகைகளும் திரைகளும். 2003-ல் மின்காந்தவியல் பயின்ற பெருந்தொகையினர் இக்கூடத்திற்கு மாற்றப்பட்டனர். உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. பழைய விரிவுரை முறையே வேண்டும் என 150-க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டு விண்ணப்பம் கொடுத்தனர். அப்பழைய விரிவுரை மண்டபமோ பருவ இறுதியில் பாதி வெறுமையாய்க் கிடந்தது! புதிய கூடத்தில் வருகை மிகுந்தது, தவறுவோர் தொகையும் குறைந்தது. ஆயினும், கட்டாய வருகையும் பழகாத குழுப்பணியும் மாணாக்கர்க்குக் கசந்தன. அவர்கள் குரல் வீண்போகவில்லை. பரிசோதனைகள் குறைக்கப்பட்டுப் பாடத்தோடு இன்னும் நெருங்கப் பிணைக்கப்பட்டன. பேராசிரியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இதில் வியப்படையார். விரிவுரைக்கே பழகிய ஒருவரை வட்ட மேசைகளின் நடுவே நிறுத்தினால் அவர் விரிவுரைதான் ஆற்றுவார்.

ராச்செஸ்டர் பல்கலைக் கழக நூலகத்தார் வேறு வழி சென்றனர். 2004-ல் தொடங்கிய ஆய்வை மானிடவியலார் நான்சி ஃப்ரைட் ஃபாஸ்டர் வழி நடத்தினார். தம் அன்றாட வாழ்வைப் படம்பிடிக்குமாறு மாணாக்கரிடம் புகைப்படக் கருவிகள் கொடுக்கப்பட்டன. ஒரு நாள் முழுதும் சென்ற இடங்களை வளாகப் படத்தில் குறிக்கச் சொன்னார்கள். மடிக்கணினி வைத்திருந்தும் பலர் அதைத் தூக்கித் திரியவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. "என்ன வேண்டும்?" என்று வெறுமனே கேட்டிருந்தால் இது தெரிந்திராது. பின்னர்த் தாளும் வண்ண எழுதுகோலும் கொடுத்து, தாம் விரும்பும் நூலகத்தை வரையச் செய்தனர். அவர்கள் பெரிதாகக் கேட்டவை இயற்கை வெளிச்சம், சாய்ந்திருக்கும் இருக்கை, காப்பி, எதைக் கேட்டாலும் உதவும் ஒரே பணியாளர் ஆகியவை. நூல் வழங்குவோர் வேறு, கணிப்பொறி பழுது பார்ப்போர் வேறு என்னும் அலுவலகப் பாகுபாடு அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. அவ்வரைபடங்களைக் கருத்திற்கொண்டு கட்டடக் கலைஞர் அமைத்த கிளீசன் நூலகம் 2007-ல் திறக்கப்பட்டது.