தாயைப் பிரிந்த பிள்ளைகள்

1939 செப்டெம்பரில் இலண்டன் மாநகரத்துச் சிறுவர்களைக் குண்டுவீச்சுக்கு அஞ்சி நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினர். உடலுக்குக் காவல் கிடைத்தது, உள்ளத்துக்கோ? 1941இல் ஹாம்ஸ்டெட்டில் போர்க்காலக் குழந்தை இல்லங்களை நிறுவிய அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்ஹாமும் கண்டது வேறு. தாயின் அணைப்பிலிருந்த மழலை குண்டோசையைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. தாயைப் பிரிந்ததோ கற்ற பேச்சையும் மறந்தது, படுக்கையை நனைத்தது.

ஆகவே பிள்ளைகளைச் சிறு குடும்பங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாதியைத் தாயாக அமர்த்தினர். முதலில் எழுந்தது பொறாமையும் அழுகையுமே; பிறகுதான் பேச்சு மீண்டது. பெற்றோர் எந்நேரமும் வரலாம் என்பது அங்கு விதி. அக்காலத்து மருத்துவமனைகளிலோ அவர்களுக்குக் கடுந்தடை.

அவ்வில்லத்தில் கொதிகலன் பார்த்த ஜேம்ஸ் றொபேட்சன் இதனை மறந்தாரல்லர். மருத்துவமனையில் தாயின்றித் தவித்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து, 1952இல் மருத்துவர்களுக்குக் காட்டினார். பலர் சினந்தனர். 1959இல் அரசின் குழுவொன்று பெற்றோருக்கு வாயிலைத் திறக்குமாறு பரிந்துரைத்தது.