கணித நூல் அச்சும் தொடக்கநிலை எழுதுகருவியும்

ஈய எழுத்துகளைக் கோத்து நூல் அச்சிட்ட காலத்தில் எழுதுவோர் ஒருவர். அச்சுக் கோப்போர் மற்றொருவர். கையெழுத்துப் படியைக் கொடுப்பதோடு நூலாசிரியர் வேலை முடிந்தது. பின்னத்தையும் வர்க்கமூலக் குறியையும் உரிய இடத்தில் பொருத்தும் தொல்லை அச்சகத்தாரைச் சேர்ந்தது. கணினி அச்சு வந்தபின் அவ்விரு தொழில்களும் ஒருவர் தலைமேலேயே விழுந்தன. அதனால் நேர்ந்த இடர்ப்பாடு யாது, அஃது எவ்வாறு தணிந்தது என்பதை அறிந்தால், புதிதாகக் கற்பவர் தமக்கேற்ற கருவியைத் தேர்வது எளிதாகும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டானல்ட் கனூத், கணினி நிரல் கலை பற்றிப் பல தொகுதிகளாக நூல் எழுதி வந்தார். இரண்டாம் தொகுதியின் முதற் பதிப்பு ஈய எழுத்தில் அழகாக அமைந்திருந்தது. 1977இல் மறுபதிப்புக்கு வந்த பார்வைப்படிகளோ புதிய ஒளியச்சு முறையில் கோக்கப்பட்டவை. அவற்றின் பொலிவின்மை கண்டு அவர் மனம் நொந்தார். அவ்வாண்டே தாமாக ஓர் அச்சுக்கோப்பு முறையை வகுக்கலானார். அதுவே 'டெக்'. விரைவில் முடியும் என்று எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்பார் அதன்மேல் எளிய கட்டளைகளை அமைத்து 'லாடெக்' ஆக்கினார்.

முறை சிறந்ததே, ஆயினும் வாயில் குறுகலாயிருந்தது. கட்டளைகள் கலந்த மூலத்தை ஒரு நிரலில் எழுதவேண்டும். வேறோரிடம் சென்று அச்சுக் கோக்கும் ஆணையிடவேண்டும். விளைவைக் காண மற்றொன்றைத் திறக்கவேண்டும். அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால், பிழை பல வரிகளுக்கு அப்பால் தலைகாட்டும். முதற்பக்கம் காணுமுன்பே முயற்சியைக் கைவிடுவதற்கு இத்தொல்லை ஒன்றே போதும்.

இதனைத் தீர்க்க இருவகை வழிகள் தோன்றின. ஜெர்மானியரான மத்தியாஸ் எட்ரிக் 1995இல் தொடங்கிய 'லிக்ஸ்', கட்டளைகளைத் திரைக்குப் பின்னே மறைத்தது. எழுதுவது எளிதாயிற்று, ஆனால் கட்டளை மொழி கைவரவில்லை.

மற்றொரு வழி, மூலத்தையும் அச்சுப் பக்கத்தையும் அருகருகே வைப்பது. செக் நாட்டில் பயின்ற வியட்னாமியர் ஹான் தே தான் இயற்றிய 'பிடிஎஃப்டெக்', பக்கத்தை நேரே பிடிஎஃப் கோப்பாகத் தந்தது. 2001இல் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸ், பிடிஎஃப் பக்கங்களைத் தானே திரையில் காட்ட வல்லது. இவ்விரண்டையும் பயன்கொண்டு, ஒரிகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரிச்சர்ட் காக் 'டெக்ஷாப்' என்னும் எடிட்டரை உருவாக்கினார். ஒரு சாளரத்தில் எழுத்து. மறு சாளரத்தில் அச்சு. இடையே ஒரே பொத்தான்.

பின்னர் வந்த டெக்மேக்கர் முதலியன குறியீட்டுப் பட்டியல்களும் பொத்தான்களும் நிறைந்தவை. தேர்ந்தவர்க்கு அவை செல்வம். புதியவர்க்கோ எதை அழுத்துவது என்னும் மயக்கம். இதையுணர்ந்த ஜானதன் கியூ, டெக்ஷாப்பின் எளிமையைப் பிற கணினிகளுக்கும் கொண்டுசெல்ல 'டெக்வொர்க்ஸ்' என்னும் கருவியைப் படைத்தார். சேர்ப்பதைவிட விலக்குவதே அதன் சிறப்பு. 2004இல் 'சீடெக்' என்ற முறையை வெளியிட்டவரும் அவரே. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கவேண்டுமன்றோ? ஒருங்குறியில் எழுதிய தமிழை அவ்வாறு முறையாக அமைக்க அது வழி செய்தது. 2012இல் தோன்றி, இன்று ஓவர்லீஃப் எனப்படும் இணையக் கருவியோ, கணினியில் எதையும் நிறுவாமலே எழுத இடந்தந்தது.

இனி, தேர்வு எவ்வாறு? ஆற்றல் மிகுந்த கருவியைத் தேடுவது தொடக்கத்தில் தவறு. மூலமும் பக்கமும் ஒருங்கே தெரிகின்றனவா, பக்கத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் மூலவரி கிடைக்கிறதா, பிழை நேர்ந்த வரியை அது காட்டுகிறதா என்னும் மூன்றையே பார்க்கவேண்டும். இணையம் தடையின்றிக் கிடைப்போர்க்கு ஓவர்லீஃப் ஏற்றது. தம் கணினியிலேயே எழுத விரும்புவோர்க்கு டெக்வொர்க்ஸ் போதும். மூலக்கோப்பு வெறும் எழுத்துக்கோப்பே ஆதலால், நாளை வேறு கருவிக்கு மாறினும் உழைப்பு வீணாகாது. முதற்பக்கம் கண்ணெதிரே அச்சாகி நின்றால், இரண்டாம் பக்கத்துக்கு ஊக்கம் தானே பிறக்கும்.