கள்ளத்தோணியும் வடக்கத்தி ஆளும்

போன குறுவை நடவு சமயம், திருவையாறு டீக்கடையில ஒருத்தர் சொன்னார்: "இந்த வடக்கத்தி ஆளுங்கள பார்டர்லயே நிறுத்திடணும் சார்." அவர் வயல்லயே மேற்கு வங்கத்து ஆட்கள்தான் நட்டுக்கொண்டிருந்தார்கள், கடல்கூடத் தாண்டாமல் ரயிலேறி வந்தவர்கள்.

இதே பேச்சு ஒரு காலத்தில் நம்மைப் பற்றி இருந்தது. தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தடுக்க அங்கே யாரும் சுவர் கட்டவில்லை. 1948 குடியுரிமைச் சட்டமே போதுமானதாக இருந்தது. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர்களைச் சொன்ன 'கள்ளத்தோணி' என்ற வசை, கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மேலும் விழுந்தது.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். நான் கோடு எழுதும்போதுகூட ரவுண்ட் ஆஃப் பண்ண இவ்வளவு தைரியம் வராது. அந்த ஜனங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டீக்கடையில் இதைச் சொன்னேன். "அது வேற, இது வேற சார்" என்றார். எப்படி வேற என்று கேட்டேன். நடவு ஆட்களுக்கு டீ வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.