நூற்பட்டியல் பதிவு யாருக்குச் சொந்தம்? தமிழ் நூல் விவரங்கள் கடந்துவந்த வழி

தமிழ் அச்சு நூல்களின் வகைப்பட்டியல் ஒன்றை ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்டார். அது ஒரு மிஷனரியின் தனி உழைப்பு. இரண்டே ஆண்டுகளில் அந்த வேலை அரசின் கடமையாயிற்று. 1867-ஆம் ஆண்டின் அச்சகம், நூல் பதிவுச் சட்டப்படி, அச்சான ஒவ்வொரு நூலின் தலைப்பு, ஆசிரியர், அச்சிட்டவர், பக்கம், படிகள், விலை, பதிப்புரிமையாளரின் பெயர், ஊர் வரை பதிவாயின. காலாண்டுதோறும் அவை மாகாண அரசிதழில் வெளிவந்தன. 1857 கிளர்ச்சிக்குப் பின் அச்சுலகைக் கண்காணிக்கவே ஆட்சியாளர்கள் இதை வகுத்தார்கள். ஆனால் அரசிதழில் வெளியிட்டே தீர வேண்டும் என்ற ஒரு விதியால் அந்த விவரங்கள் ஊரறிந்த ஆவணங்களாயின. பின்னாளில் தமிழ்நூல் விவர அட்டவணையைத் தொகுத்தவர்களுக்கு இந்தக் காலாண்டுப் பட்டியல்களே மூலமாயின.

விடுதலைக்குப் பின் தேசிய நூலகமும் இந்தப் பொறுப்பில் சேர்ந்தது. 1954-இன் நூல் வழங்கல் சட்டம், வெளியான ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்பச் சொன்னது. தேசிய நூலகத்துக்கு வந்த நூல்களிலிருந்து 1958 முதல் இந்திய தேசிய நூற்றொகை வெளிவந்தது. அதில் தமிழ் நூல்கள் உரோமன் எழுத்தில் இடம்பெற்றன. அரசின் படைப்புக்கு அரசே முதல் உரிமையாளர் என்று 1957-இன் பதிப்புரிமைச் சட்டம் கூறியதால், அரசிதழில் தொடங்கிய பொதுப் பதிவின் மீது உரிமைக் கேள்வியும் வந்து சேர்ந்தது.

இன்னொரு கிளை அமெரிக்காவுக்குச் சென்றது. அமெரிக்கத் தானிய உதவித் திட்டமான பி.எல். 480-இன்படி இந்தியா தானியத்துக்காகச் செலுத்திய ரூபாயைக் கொண்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் 1962 முதல் தமிழ் நூல்களையும் வாங்கிப் பட்டியலிட்டு, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அந்நாட்டுச் சட்டப்படி கூட்டாட்சி அரசின் படைப்புகளுக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. ஆகவே அப்பதிவுகள் தடையின்றிப் பரவின.

தடை வேறு திசையிலிருந்து வந்தது. 1967-இல் ஒஹாயோ கல்லூரிகளின் கூட்டமைப்பாகத் தொடங்கிய ஓ.சி.எல்.சி., உறுப்பு நூலகங்கள் சேர்த்த பதிவுகளாலேயே வளர்ந்தது. 1980-களில் அப்பதிவுகள் சேர்ந்த தரவுத்தளத்துக்குப் பதிப்புரிமை கோரியது. 2008 நவம்பரில், வேர்ல்ட்கேட் எனப்படும் அத்தரவுத்தளத்தின் பதிவுகளை எடுத்து யாருக்கு, எதற்காகத் தரலாம் என்று கட்டுப்படுத்தும் புதிய கொள்கையை அறிவித்தது. நூலகர்கள் கொதித்தெழவே, 2009-இல் அது கைவிடப்பட்டு, 2010 ஆகஸ்டில் 'உரிமைகளும் பொறுப்புகளும்' என்ற மென்மையான வடிவம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகம் தன் ஒரு கோடியே இருபது லட்சம் பதிவுகளைப் பொதுவுடைமையாக்கியது.

சட்டம் என்ன சொல்கிறது? வெறும் உண்மைகளுக்குப் பதிப்புரிமை இல்லை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஃபைஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றம் 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், உழைப்பும் முதலீடும் மட்டும் போதாது, திறனும் பகுத்தறியும் ஆற்றலும் வேண்டும் என்றது. எனினும் நம் சட்டம் கணினித் தரவுத் தொகுப்புகளையும் இலக்கியப் படைப்பில் சேர்க்கிறது. என் கருத்தில், ஒரு தனிப் பதிவின் மீது எவரும் உரிமை கோர முடியாது. முழுத் தொகுப்பின் மீது கோரலாம். உண்மையான பூட்டு பதிப்புரிமையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. நூலகர்கள் கையெழுத்திடும் முன் படிக்க வேண்டியது அதைத்தான்.

பதிவு யாருக்குச் சொந்தம் என்பது ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள பென்னலூரையும் தொடும் கேள்வி. அங்குள்ள பொறியியல் கல்லூரியின் மாணவர் ஒரு தமிழ் நூல் எங்கே இருக்கிறது என்று தேடினால், அவருக்கு உதவ வேண்டியது நம் பொது நூலகங்களின் பட்டியல். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வீடுகளும் தொழிற்சாலைகளும் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. 1948-இல் நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் விதித்த வரி அது. அந்தப் பணத்தில் உருவான பதிவுகள் வரி செலுத்தியவர்களுக்கே உரியவை.

1867-இன் அச்சகம், நூல் பதிவுச் சட்டம் 2024 மார்ச்சில் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த சட்டம் பருவ இதழ்களை மட்டுமே பதிவு செய்கிறது. நூல்கள் அதன் வரம்பில் இல்லை. காலாண்டுப் பட்டியலுக்கு இனிச் சட்ட ஆதாரம் இல்லாத நிலையில், தமிழ்நாட்டின் பொது நூலக இயக்ககம் தன் நூற்பட்டியல் பதிவுகள் அனைத்தையும், 2017-இல் வந்த இந்திய அரசின் திறந்த தரவு உரிமத்தின் கீழோ அதற்கு இணையான உரிமத்திலோ, எவரும் பதிவிறக்கிப் பயன்படுத்தும் வகையில் வெளியிட வேண்டும்.