நெய்யாத ஜியோடெக்ஸ்டைல்

நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் என்பது மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே விரிக்கப்படும் தடித்த செயற்கைத் துணி. பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் இழைகளைத் தறியில் ஓட்டாமல் எல்லாத் திசையிலும் பரப்பி, முள்வைத்த ஊசிகளால் குத்திப் பின்னியோ சூட்டால் ஒட்டியோ இதைச் செய்கிறார்கள். தண்ணீருக்கு வழிவிடும், மண்ணுக்கு விடாது. சாலை, ரயில் பாதை, கடலரண், அணை, குப்பைக் கிடங்கு என இது புதைக்கப்படும் பெரும்பாலான இடங்களில் இதன் மதிப்பு முக்கியமாக அந்தக் குணத்தில்தான் இருக்கிறது.

இப்படி ஒரு துணி ஏன் வேண்டும் என்பதற்கு மலேசியாவில் பினாங்கின் தீபகற்பக் கரையே விளக்கம். பிறை ஆற்று முகத்தை ஒட்டிய பாகான் டாலாம், துறைமுகத்தையும் ரயிலையும் நம்பி வளர்ந்த, தமிழர்கள் செறிந்து வாழும் வட்டாரம். அதன் அடியில் இருப்பது கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் கடல் கொண்டுவந்து போட்ட மென்களிமண். நிலவியலாளர்கள் இதைக் குலா படிவு என்று வகைப்படுத்துகிறார்கள். கையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் வெண்ணெய்போல் பிசுபிசுக்கும். இதன்மேல் கருங்கல் ஜல்லியைக் கொட்டினால் கல் கீழே போகும், சேறு மேலே வரும். சில பருவமழைகளில் சாலையின் அடித்தளம் பாதி காணாமற்போய்விடும்.

துணி வருவதற்கு முன் இந்தக் கரையின் மருந்து பக்காவு என்ற அலையாத்தி மரம். மாத்தாங் சதுப்புக்காட்டில் 15, 20 ஆண்டு வளர்ந்த மரங்களின் நெருக்கத்தைக் குறைக்க வெட்டியெடுத்த கம்புகளைச் சேற்றில் அடித்தார்கள், குறுக்கே படுக்கையாகவும் அடுக்கினார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை பக்காவு நெடுங்காலம் தாங்கும். காற்றும் நீரும் மாறிமாறிப் படும் இடத்தில் உளுத்துவிடும்.

சேறு மேலேறும் இதே சிக்கல் ரயில் பாதையில் வேறு முகம் காட்டும். ரயில் முனையம் 1967-இல் பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மாறுவதற்கு முன்பும் பின்பும், ஜல்லியைக் குத்திக் கெட்டிப்படுத்தும் வேலையில் தமிழ்க் கூலிகளின் பங்கு பெரிது. ஒவ்வொரு வண்டியும் கடக்கும்போது ஸ்லீப்பர் அமுங்கி எழும். அந்த உறிஞ்சலில் களிமண் குழம்பாகி ஜல்லியின் இடுக்குகளில் ஏறும். சேறு ஏறிய ஜல்லி தண்ணீரை வடியவிடாது, அதனால் அடுத்த மழையில் நிலைமை இன்னும் மோசமாகும். குத்திக் குத்திச் சரிசெய்த அந்த உழைப்பை மிச்சப்படுத்த வந்த பொருள்களில் இந்தத் துணியும் ஒன்று. ஆனால் மிக நுண்ணிய களிமண்ணில் துணி மட்டும் போதாது. துணியோடு ஒரு மணல் படுகையும் வேண்டும். இதை விட்டுவிட்டுத் துணியைக் குறை சொல்வது நியாயமல்ல.

மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை விடுவதற்கு முதலில் விதி வகுத்தவர் மண் பொறியியலாளர் கார்ல் டெர்சாகி. அவருடைய விதி மணலுக்கானது: வடிகட்டி மணலின் துகள், காக்கப்படும் மண்ணின் துகளைவிட இத்தனை மடங்குக்கு மேல் பெரிதாகக் கூடாது என்பது. அப்படிச் சலித்த மணலைத் தேடி ஏற்றி இறக்குவது பெருஞ்செலவு. அதற்கு மாற்றாக 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடா கரையில் கற்களுக்கு அடியில் நெய்த பிளாஸ்டிக் துணியை விரித்தார்கள். 1953 வெள்ளத்துக்குப் பின் நெதர்லாந்தும் தன் டெல்டா அணைகளில் செயற்கைத் துணியைக் கையாண்டது.

நெய்யாத வகை பிரான்சிலிருந்து வந்தது. ரோன் பூலாங்க் நிறுவனம் 1960களின் கடைசியில் பிடிம் என்ற பெயரில் ஊசிக்குத்துத் துணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970-இல் கட்டிய வால்குரோ மண் அணையில் அந்தத் துணி வடிகட்டியாக வைக்கப்பட்டது. ஓர் அணையின் பாதுகாப்பைத் துணியிடம் ஒப்படைத்தது அன்று துணிச்சலான முடிவு. பின்னாளில் தோண்டி எடுத்துச் சோதித்த துண்டுகள் வேலை செய்துகொண்டே இருந்தன. அந்த அணையில் பணியாற்றிய ஜே. பி. ஜிரூ 1977 பாரிஸ் மாநாட்டில் ஜியோடெக்ஸ்டைல் என்ற பெயரை முன்வைத்தார்.

மலேசியாவில் இதன் காலம் நெடுஞ்சாலைகளோடு தொடங்குகிறது. 1980களில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மேற்குக் கரையின் சேற்று நிலங்களைக் கடக்க வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை ஆணையம் ஜொகூரின் மூவார் சமவெளியில் சோதனைக்காக மண்கரைகளை எழுப்பி, மண்ணைத் திடப்படுத்தும் முறைகளை ஒப்பிட்டது. ஒரு கரையை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உடையும்வரை உயர்த்தினார்கள். அது 5.4 மீட்டரில் சரிந்தது. உலகெங்குமிருந்து வந்த முன்கணிப்புகளையும் அந்தச் சரிவையும் அருகருகே வைத்து 1989-இல் கோலாலம்பூரில் கருத்தரங்கு நடந்தது. இன்றும் மென்மண் பாடத்தில் மூவார் பேசப்படுகிறது.

அங்கே சோதித்தவற்றில் ஒன்று செங்குத்து வடிகால் பட்டை. சுமார் 100 மில்லிமீட்டர் அகலம், சில மில்லிமீட்டர் கனம். உள்ளே பள்ளம் வெட்டிய பிளாஸ்டிக், வெளியே நெய்யாத துணிச் சட்டை. இதை இயந்திரத்தால் களிமண்ணுக்குள் மீட்டர் கணக்கில் இறக்கி, மேலே மண் பாரம் ஏற்றுவார்கள். பிழியப்படும் நீர் சட்டை வழியே புகுந்து மேலேறி வெளியேறும். களிமண் இறுக எடுக்கும் காலம், நீர் கடக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் காலம் கால்பங்காகும். பல பத்தாண்டு எடுக்கும் அமிழ்வு ஒன்றிரண்டு ஆண்டில் முடிவது இதனால்தான். சுவீடனின் வால்டர் செல்மன் முதலில் அட்டையால் செய்த பட்டை மண்ணுக்குள் மக்கியது. இன்றைய செயற்கைச் சட்டைக்கு அந்தப் பயமில்லை.

பினாங்கின் கடலோரத்தில் இன்னொரு பயன் தெரியும். கரைக்கல் அரண்களில் பாறைக்கு அடியில் துணி இல்லையென்றால், அலை திரும்பும்போதெல்லாம் கல்லிடுக்கு வழியே மண்ணை இழுத்துப்போகும். பார்வைக்குக் கல் அப்படியே இருக்கும், பின்னால் நிலம் உட்குழிந்துகொண்டிருக்கும்.

ஒப்பந்தக்காரர்கள் துணியை எடையால்தான் கேட்கிறார்கள்: சதுர மீட்டருக்கு 150 கிராமா, 200-ஆ, 300-ஆ. எடை ஓர் அறிகுறி மட்டுமே. துளையின் அளவும் நீர் கடக்கும் வேகமும் மண்ணோடு பொருந்த வேண்டும். துளை பெரிதானால் மண் கசியும், மிகச் சிறிதானால் துணி அடைத்துக்கொள்ளும். தாங்குதிறனுக்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை உண்டு: வளையத்தில் இறுக்கிய துணிமேல் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு உலக்கை நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். துணி பை போலத் தொங்கி, இழைகள் வரிசை மாறி நீண்டு, வெகுநேரம் கழித்தே கிழியும். கூரான கல்லைத் தாங்க இந்த நீளல் பெரிய வரம். ஆனால் அதே நீளலால் உயரமான கரையைக் கட்டி நிறுத்த இது உதவாது. அந்த வேலை உறுதியான நெய்த துணிக்கும் ஜியோகிரிட் என்ற செயற்கை வலைக்கும் உரியது.

மூலப்பொருளிலும் வேறுபாடு உண்டு. பாலிபுரோப்பிலீன் தண்ணீரைவிட எடை குறைந்தது, மிதக்கும். கடலுக்கடியில் விரிப்பவர்கள் பாரம் ஏற்றியே இறக்க வேண்டும். பாலியெஸ்டர் மூழ்கும், ஆனால் புதிய கான்கிரீட், சுண்ணாம்பு போன்ற காரத்தில் மெல்லச் சிதையும். வெயில் இரண்டுக்கும் ஆகாது, பாலிபுரோப்பிலீனுக்கு இன்னும் ஆகாது. பினாங்கு வெயிலில் உறை பிரித்துப் போட்டு வைத்த சுருள், மண்ணுக்குள் போவதற்கு முன்பே வலு இழக்கத் தொடங்கும். விரித்த துணியைச் சில நாள்களுக்குள் மூடிவிட வேண்டும். மென்மண்ணில் ஓரங்கள் அரை மீட்டரோ அதற்கு மேலோ ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், அல்லது கைத்தையல் இயந்திரத்தால் தைக்க வேண்டும். வெறும் துணிமேல் லாரியோ எக்ஸ்கவேட்டரோ ஏறக்கூடாது: முதலில் ஒரு முழ உயரத்துக்கு மணல் தள்ளி, அதன்மேல்தான் சக்கரம் உருள வேண்டும்.